நாற்பத்திரண்டு, நாற்பத்தொன்று

மாங்குளத்தில், பழைய இரும்புக்கும் வெற்றுப் போத்தலுக்கும் நடுவே
கால்கள் வெயிலைப் பார்க்கக்
கவிழ்ந்து கிடந்தது.
"ஒல்லாந்தர் காலத்துச் செற்றி, தங்கச்சி.
கொழும்பிலை எண்டால் லட்சம் சொல்லுவாங்கள்" என்றார் கபிரியேல்.
பதினெட்டாயிரத்துக்குத் தந்தார்.
அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும் எனக்கு.

சேர்க்கத் தொடங்கி ஏழு மாதம்.
கைவசம் ஒரு பித்தளைத் தாழ்ப்பாள்,
மூடி தொலைந்த மைக்கூடு,
போலி என்று பிறகு தெரிந்த மணிக்கூடு.
பகலில் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில்
ஊராரின் இரத்தத்தில் அணுக்களை எண்ணுகிறவள் நான்.
நோயின் பெயரைச் சொல்வதில்லை,
எண்ணிக்கையை எழுதிக் கையொப்பம் வைப்பேன்.

அதே பழக்கத்தில், லாண்ட்மாஸ்டர் இறக்கிவிட்டுப் போனதும்
ரோச் அடித்துப் பார்த்துக் கொப்பியில் எழுதினேன்:
ஆணி, நட்சத்திரத் தலை. அண்மையது.
பக்கத்திலேயே மரமுளை, கத்தியால் சீவியது. பழையது.
மரம் முதிரை. (கேள்விக்குறி.)
கீழ்ச்சட்டத்தில் வெள்ளைப் பெயின்றில்
ஒரு ஏழு, ஒரு கோடு, அழிந்த இன்னொன்று.
ஏதோ கந்தோரின் கணக்கு.
ஒல்லாந்தர் பெயின்றில் இலக்கம் போட்டார்களா?
(இரண்டு கேள்விக்குறி.)

மெத்தையை உரித்தேன்.
மண்ணிற றெக்சின். அதன் கீழ் பூப்போட்ட திரைச்சீலை.
அதன் கீழ் யூரியாச் சாக்கு, தும்பு,
தும்புக்குள் எலி நடத்திய குடும்பம்.
எல்லாவற்றுக்கும் கீழே, மக்குப் பூசி மறைத்த துளைகள்
வரிசையாக.
தரையில் இருந்துவிட்டேன்.
இது மெத்தைக்குப் பிறந்ததே இல்லை.
பிரம்பு பின்னிய உடம்பு.
காற்றுப் போய்வர வைத்த வழியெல்லாம்
ஆரோ அடைத்துவிட்டிருக்கிறார்கள்.

மூன்று கிழமை.
ஊசியால் குத்தி, ஊதி, கண்ணில் தூசு விழ
ஏசி, மறுபடி ஊதி.
முதல்நாள் மும்முரத்தில்
இடது கையை ஸ்பிரிட்டால் தேய்த்துத் தேய்த்து
வெளிற வைத்துவிட்டேன்.
நிறத்தை ஊத்தை என்று நினைத்த பிழை.
அது இனித் திரும்பாது.

வலது கையில் இரண்டு பள்ளம்,
ஒரு சாண் இடைவெளியில், வழவழவென்று.
இதற்கு உருப்பெருக்கி தேவைப்படவில்லை.
கயிறு.
உழவுயந்திரப் பெட்டியின் உச்சியில் குறுக்கே இறுக்கி
குண்டும் குழியுமாய்ப் பலநாள் இழுபட்ட கயிறு.
எங்கள் தையல் மெசினிலும் இருந்தது,
அதை விட்டுவிட்டு நடக்கும் வரை.
மரப்பசை டின்னைத் திறந்தேன். மணத்தது.
மூடி வைத்தேன்.
கொப்பியில் அந்த வரி மட்டும் வெறுமை.

பிறகு பிரம்பு.
"முன்னுக்கும் பின்னுக்கும் எத்தினை துளை?"
வவுனியாவிலிருந்து நவ்பர் கேட்டார்.
முன்சட்டம் நாற்பத்திரண்டு.
பின்சட்டம் நாற்பத்தொன்று.
மறுபடி எண்ணினேன். எண்ணுவது என் சோறு.
ஆய்வுகூடத்துக் கையெண்ணியைக் கைப்பையில் கொண்டுவந்து
துளைக்கு ஒரு அழுத்தமாய்,
நாற்பத்திரண்டு. நாற்பத்தொன்று.

குனிந்து அளந்தபோது பிடிபட்டான்.
பின்சட்டத்தின் கடைசி ஆறு துளைகள் மட்டும்
நூலளவு நூலளவாய் விலகி நிற்கின்றன.
முடிவை நெருங்கித்தான் கண்டிருக்கிறான் தன் பிழையை,
அதை ஆறாகப் பங்கிட்டு ஒளித்திருக்கிறான்.
மெசின் இப்படி வெட்கப்படாது.

பின்னி முடித்தேன். வலப்பக்க மூலையில்
வரி கொஞ்சம் சரிகிறது,
என் முடிச்சா அவன் கணக்கா என்று
பிரிக்க முடியாதபடி.

கபிரியேல் போன் எடுத்தார்.
"ஒல்லாந்தர் எப்பிடி இருக்கிறார்?"
"ஒல்லாந்தர் இல்லை, அண்ணை. எண்ணத் தெரியாத ஆரோ ஒராள்."
"அப்ப காசைத் திருப்பிக் கேக்கப் போறியோ?"
செற்றியில் இருந்துதான் கதைத்தேன்.
புதுப் பிரம்பு, அசையும்போதெல்லாம் முனகியது.
"இல்லை. அந்த ஆள் வேறை ஏதும் செய்தவரோ எண்டு
பாருங்கோ."